பேர் சொல்ல விரும்பாதவர்

காரின் பின் சீட்டில் விஜயராணி ரோஜா மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீக்கடை வாசலில் நின்ற நாலைந்து பேர் அவளை அடையாளம் கண்டு கும்பிட்டார்கள். அவளும் பழகிப்போன கையால் திருப்பிக் கும்பிட்டாள்.

பார்த்தவர்கள் ஜெயித்து வந்த எம்.எல்.ஏ. என்றுதான் நினைத்திருப்பார்கள். அவளோ டெபாசிட்டைப் பறிகொடுத்த சுயேச்சை. மாலையும் அவளுக்கு யாரும் போட்டதல்ல, ஒருவருக்குப் போடுவதற்காக அவளே தன் கூலிக்காசில் வாங்கியது.

ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். ஒரே மகன் தனுஷ், போன வருஷம் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினான். விஷவாயு தாக்கி உள்ளேயே செத்துப்போனான். பட்டறைக்கு அதிகாரிகள் சீல் வைத்ததோடு சரி, அதற்குமேல் அவள் அழுகையைக் கேட்க எந்த ஆபீசிலும் ஆள் இல்லை.

அப்போதுதான் சென்னியப்பன் அவளைத் தேடி வந்தார். வெள்ளை வேட்டி, தன்மையான பேச்சு. எலெக்‌ஷனில் நின்று மைக்கில் சொன்னால்தான் இந்த ஊருக்குக் காது கேட்கும் என்றார். செலவை நினைத்து அவள் தயங்கியதும், பேர் சொல்ல விரும்பாத ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று தைரியம் சொன்னார்.

தொழிலாளர் யூனியன்காரர் குமாரவேலும் அதே தொகுதியில் நின்றார். நான் ஜெயித்தால் அந்தப் பட்டறையை இனித் திறக்கவே விடமாட்டேன் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசியவர். வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாளன்று அவளிடம் வந்து, விலகிக்கொள் அம்மிணி என்று கெஞ்சினார்.

“எம் புள்ளைக்கு நியாயம் கேக்குறது ஒங்களுக்கு எடைஞ்சலா இருக்காண்ணே?” என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

பெரியவர் சொன்ன சொல் தவறவில்லை. வேன், மைக், தனுஷ் படம் போட்ட நோட்டீஸ் எல்லாம் வந்து இறங்கின. எந்தத் தெருவுக்குப் போவது என்பதை மட்டும் சென்னியப்பன் முடிவு செய்தார். தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கே வேன் போனது, கடைவீதிக்கோ பங்களா தெருக்களுக்கோ ஒரு நாளும் போகவில்லை. தன் சனங்கள் இருக்கிற இடமாகப் பார்த்துக் கூட்டிப்போகிறாரே என்று அவளுக்கு அதில் சந்தோஷம்தான்.

குமாரவேல் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றுப்போனார். விஜயராணிக்கு நாலாயிரம் ஓட்டு. நாலாயிரம் பேர் தன் பிள்ளைக்காகப் பட்டனை அமுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து அழுதாள். அவன் செத்த பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

அன்றிலிருந்து சென்னியப்பனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெரியவரைக் காட்டச் சொல்லி நச்சரித்தாள். “அவுக காசு பூராவும் வீணாப்போச்சேய்யா. ஒரு தடவ கால்ல விழுந்து கும்பிட்டுட்டு வந்துர்றேன்” என்பாள். ரெண்டு மாதமாகப் பிடி கொடுக்காத மனுஷன், இன்று காலை தானே போன் செய்து, பெரியவரே உங்களைப் பார்க்கப் பிரியப்படுகிறார் என்றார். காரும் அனுப்பி, தானும் முன் சீட்டில் வந்தார்.

கார் வீரபாண்டிக்குள் திரும்பியதும் விஜயராணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தனுஷ் போனதிலிருந்து அந்தச் சாலையை அவளால் பார்க்க முடிவதில்லை. இதைத் தாண்டித்தான் எங்கேயோ போகவேண்டியிருக்கிறது என்று நினைத்தாள்.

கார் நின்றது. நாதஸ்வரச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். எதிரே மகனை விழுங்கிய அதே பட்டறை. கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தது.

“இங்க எதுக்குய்யா நிப்பாட்டுனீக?” என்றாள்.

நெற்றி நிறையச் சந்தனத்தோடு ஒருவர் காரை நோக்கி வந்தார். அவரை அவளுக்குத் தெரியும். தனுஷைத் துணியில் சுற்றிக் கொடுத்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் காரைவிட்டுக் கீழே இறங்காத பட்டறை முதலாளி.

“இவருதானுங்கம்மா அந்தப் பெரியவர்” என்று சென்னியப்பன் கதவைத் திறந்துவிட்டார்.

முதலாளி இரண்டு கையையும் கூப்பினார்.

“வாங்கம்மா, உங்க புண்ணியத்துலதானுங்க இன்னைக்கு மறுபடியும் தொறக்கறோம்.”