எலுமிச்சைக்குப் பக்கத்து இடம்

பிக்கப் வண்டிக்கு வந்த புது வயர்லெஸ் ஆன்டெனாவுக்கு முன்பக்க பம்பரில் இடம் பார்த்தார்கள். அங்கே கண்திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சை தொங்கியது.

"வாங்க தம்பி, தாராளமா இடம் இருக்கு" என்றது எலுமிச்சை.

நாலு நாளில் அழுகப்போகிறவனோடு என்ன சகவாசம் என்று ஆன்டெனா விறைத்துக்கொண்டது. திருகாணி ஏறவே விடவில்லை.

"உசரத்துல வச்சாத்தான் நல்லா வேலை செய்யும்" என்று மெக்கானிக் அதைக் கூரையில் மாட்டினார். ஊர்ப்பட்ட லாரிகளின் வயர்லெஸ் பேச்செல்லாம் அதற்குக் கேட்டது. ஆன்டெனா கீழே குனிந்தும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை டிரைவர் பொன்னுரங்கம் அழுகிய எலுமிச்சையை அவிழ்த்துவிட்டு, புதியதைப் பம்பரில் கட்டப்போனார். உசரத்தைப் பற்றி மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. மேலே ஏறி ஆன்டெனாவின் கழுத்தில் கட்டினார்.

புது எலுமிச்சை சொன்னது: "கீழே இருந்தவர் உங்களை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னார், தம்பி."