கோல் கம்பத்து எலுமிச்சை

சூடம் அடித்துச் சத்தியம், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. சுடலையாண்டி பிழைக்கப் போய், மீன்வள மந்திரியின் மகள் லுசீந்தாவைக் கட்டிக்கொண்ட நாட்டில், கால்பந்து அணி தோற்றால் மந்திரிசபையே கவிழும். சட்டம் அப்படி. இறுதியாட்டத்தன்று மாமனாரின் பதவி போய்விடக் கூடாதென்று, அந்த நாட்டு அணியின் கோல் கம்பத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினான் சுடலையாண்டி. முதல் பாதியில் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவனுக்கு, இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறிக்கொள்ளும் என்பது தெரியாது. மிச்ச ஆட்டம் முழுக்க அந்த எலுமிச்சை எதிரியைக் காத்தது. சாயங்காலமே மந்திரிசபை கவிழ்ந்தது.

லுசீந்தா பெட்டியோடு வாசலில் நின்றாள். "உம்மை யாருவே கட்டச் சொன்னது?" என்றாள், அவனிடம் கற்ற தமிழில்.

"கண்ணு படக் கூடாதுன்னுதாம் புள்ள கட்டுனேன். போயிட்டு வாரேன்னாவது சொல்லு."

"போறேன்."

ஊர் திரும்பிய பிறகு, "பொண்டாட்டி எங்கடே?" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சுடலையாண்டி இதைத்தான் சொல்கிறான். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். அவனும் கூடவே சிரிக்கிறான்.

அந்த நாட்டில் யாரும் எந்தக் காலத்திலும் கால்பந்து ஆடியதில்லை.