கடைசிச் சுற்று

முழங்கைக்குக் கீழே மூன்று தழும்புகள். நான்காவது இன்னும் தழும்பாகவில்லை. ஈரமாக இருந்தது.

"அடுப்புல பட்டிருச்சு மிஸ்" என்றாள் சிறுமி, கேட்பதற்கு முன்பே.

அடுப்பு நான்கு முறை, ஒரே அளவில், வரிசையாகப் படாது. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவளுக்கு அது தெரியும்.

சிறுமியின் பெயர் லோஜினி. ஏழு வயது. அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். இங்கே, நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அப்பா. மூன்று வயதில் ஒரு தங்கை.

நர்சிங் மாணவியான அவள் மார்த்தாண்டத்திலிருந்து கடல் தாண்டி, இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒரு மாதச் சேவைக்கு வந்தவள்.

தங்கச்சியையும் அப்பா அடிப்பாரா என்று மெதுவாகக் கேட்டாள்.

லோஜினி இல்லையென்று தலையை ஆட்டினாள். அது சின்னப் பிள்ளையாம்.

புண்ணைக் கழுவினாள். மருந்து தடவினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டாள். மடிப்புக்கு மேல் மடிப்பு பிசகாமல் ஏறும் அவளுடைய கட்டைக் கல்லூரியில் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள்.

அந்த மிஷன் கல்லூரியில் ஒரு பழக்கம் உண்டு. கட்டின் கடைசிச் சுற்றைச் சுற்றும்போது நோயாளியின் பெயரை மனதுக்குள் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைத்தாள்.

"சட்டைக் கைக்குள்ள மறையுமா மிஸ்?"

"எதுக்கு மறைக்கணும் மக்ளே? அழகாத்தானே இருக்கு."

லோஜினி அந்த வெள்ளைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வந்தபோது கையில் கட்டு இல்லை. துவைத்துக் காயவைத்து, சுருட்டி எடுத்து வந்திருந்தாள். மேசைமேல் வைத்தாள்.

"இது வேணாம் மிஸ். யார்கிட்ட போயி என்ன சொன்னேன்னு அப்பா கேட்டாரு."

பிறகு திரும்பி நின்று, முதுகுப் பக்கம் சட்டையைத் தூக்கினாள்.

அன்று மாலை அவள் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகார் எழுதினாள். இரண்டு பக்கம்.

டிஸ்பென்சரிக்குப் பொறுப்பாக இருந்த பிரமிளா அதை ஓர் எழுத்து விடாமல் படித்தார். கையெழுத்துப் போட்டார். அனுப்பியும் வைத்தார்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

லோஜினியின் பெயரில் இன்னும் இரண்டு புகார்களின் நகல்கள். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் சேவைக்கு வந்த மாணவிகள் எழுதியவை. இரண்டு முறையும் அதிகாரி வந்தாராம். அப்பா அழுதாராம். சாமி படத்தில் அடித்துச் சத்தியம் செய்தாராம். ஜீப் வளைவில் மறையும்வரை லயத்து வீட்டு வாசலில் நின்று கும்பிட்டாராம்.

அப்புறம் கதவைச் சாத்தினாராம்.

"நீங்க போயிடுவீங்க மிஸ். அவ இங்கதான் இருக்கணும்."

பிரமிளா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கட்டு இல்லை.

பள்ளி விட்டதும் லோஜினி வருவாள். சிறுமிக்காக அவள் வாசனை இல்லாத களிம்பாகத் தேடி எடுப்பாள். தடவி, ஊதி, ஊறும்வரை காத்திருப்பாள். மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுவாள். ஒருவர் தொட்டு ஆற்றியதற்கு அடையாளமே இல்லாமல்.

கட்டு இல்லாததால் கடைசிச் சுற்றும் இல்லை.

எந்த இடத்தில் ஜெபிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புகாருக்குப் பதில் வந்தது. அடுத்த மாதம் விசாரிப்பார்கள். அவளுக்கு வெள்ளிக்கிழமை விமானம்.

வெள்ளிக்கிழமை காலை, வேன் வந்து நின்ற பிறகு, பள்ளிக்குப் போகும் வழியில் லோஜினி எட்டிப் பார்த்தாள்.

அவள் ஒரு களிம்புக் குழாயை எடுத்து, மேலிருந்த தாளைச் சுரண்டினாள். எழுத்து ஒன்றும் மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டாள். லோஜினியின் பென்சில் பெட்டியில், ரப்பருக்கு அடியில் வைத்தாள். ஒரு பட்டாணி அளவு போதும் என்று விரல் நுனியில் வைத்துக் காட்டினாள்.

லோஜினி பெட்டியை மூடவில்லை. குழாயை எடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று அமுக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குக் காணுமா மிஸ்?"

வெளியே ஹாரன் அடித்தார்கள்.

அவள் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டாள். குழாயைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைத் தன் இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தாள்.

"தங்கச்சி பேரென்ன மக்ளே?"