சகாயநாதன் கன்னத்துத் தடம்

"படுத்த படுக்கையா கெடக்குறவரை அடிக்க ஒனக்கு எப்பிடிடி கை வந்துச்சு?"

சிதம்பரம் முதியோர் இல்லமே அதிரும்படி கத்தினாள், கடலூரிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த பெலிசியா.

"காலையில குளிப்பாட்டப் போனாலே கன்னம் வீங்கித்தான்க்கா கெடக்குறாரு. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு," என்றாள் ஆயா கலைமணி. "வேணும்னா எங்க கையப் பாத்துக்குங்க."

பெலிசியாவா விடுகிறவள்? இட்லியைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது. போர்வையை முகர்ந்தாள், வாடையில்லை. முதுகில் புண்ணும் இல்லை. பிறகு வேலையாட்கள் கைகளை ஒவ்வொன்றாக அப்பா சகாயநாதனின் கன்னத்தில் பதிந்திருந்த அறைத் தடத்தில் வைத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. தடத்தில் ஆறு விரல்கள் இருந்தன.

அவள் பிடித்திருந்த ஆயாவின் கையை விட்டாள். குடிகாரப் புருஷனிடம் காலமெல்லாம் உதைபட்டு, ஒருநாளும் திருப்பிக் கை ஓங்காமல் செத்துப்போன அம்மா வியாகுலமேரிக்கு வலக்கையில் ஆறு விரல் என்பது தெருவுக்கே தெரியும்.

"வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடும்மா," என்று கிழவர் குழறினார்.

பளாரென்று சத்தம் கேட்டது. யாரும் கை ஓங்கவில்லை. மறு கன்னம் வீங்கி, உதட்டில் ரத்தம் வழிந்தது.

பெலிசியா அதை முந்தானையால் துடைத்தாள். "இங்கயே இருங்கப்பா. நல்லாத்தான் பாத்துக்குறாங்க."

அம்மா பட்ட அடியைப் பார்த்துக் கல்யாணமே வேண்டாமென்றிருந்தவள், தை மாதம் அருள் பிரகாஷைக் கட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குக் குடிபோனாள். ஞாயிறு பூசை முடிந்ததும் சிதம்பரம் போகிறாள், அம்மாவுக்குப் பிடித்த கனகாம்பரத்தோடு. கிழவருக்கு எதற்குப் பூ என்று கலைமணி கேட்பதில்லை.