யாருடைய பேரியம்

நட்சத்திரத்தின் நிறமாலை ஆய்வகக் கணினித் திரையில் விரிந்திருந்தது. ஓரிடத்தில் கோடு மிக ஆழமாக விழுந்திருந்தது.

பேரியம் என்ற தனிமம். இதன் வளிமண்டலத்தில் இவ்வளவு இருக்கவே கூடாது.

அவள் மறுபடி பார்த்தாள். இருந்தது.

பேரியத்தைத் தானாக உண்டாக்கும் வயது இதற்கு இன்னும் வரவில்லை. அப்படியென்றால் கொடுத்தது வேறொன்று. பக்கத்திலேயே ஒரு துணை நட்சத்திரம் இருந்திருக்கும். தன்னிடம் விளைந்ததையெல்லாம் இதன் மேல் கொட்டிவிட்டு அடங்கிப்போயிருக்கும்.

முழுதாக அடங்கியும் விடாது. இருட்டில் இருந்துகொண்டு இதை இழுத்துக்கொண்டேயிருக்கும்.

பக்கத்து மேசை ரெஜினா சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து இவள் முன் வைத்தாள். இவளுடைய கணவர் வாசலில் கொடுத்துவிட்டுப் போனது.

மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. இன்னொரு டப்பாவில் உரித்த மாதுளை. ஒரு முத்துகூட நசுங்கவில்லை.

"சாரை எங்க புடிச்சீங்க மேடம்? எங்க வீட்டுக்காரருக்குத் தண்ணிச் சொம்பு எங்க இருக்குன்னே தெரியாது."

அவள் சிரித்துவைத்தாள். வயிறு எரிந்தது.

தமயந்தி அவருடைய முதல் மனைவி. இறந்துபோனவள். இறந்தவளோடு சண்டைக்கும் போக முடியாது.

மாதுளை உரிக்கப் பழக்கியது தமயந்தி. பொடிக்கு எண்ணெய் அளவு தமயந்தியுடையது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் இவளுக்குத் தலை பின்னிவிட்டார். நாலு கால் பின்னல். கண்ணாடி முன்னால் பூரித்துப்போய் நின்றாள். பிறகு, எப்படித் தெரியும் என்று கேட்டுத் தொலைத்தாள்.

தமயந்திக்குக் கை முறிந்திருந்தபோது கற்றுக்கொண்டாராம்.

மறுநாளே போய் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள்.

நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நல்லதில் தன் பங்கு எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அவரை எதிரே உட்காரவைத்தாள். விசிலடிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

தியேட்டரில் முதல் வரிசையில், அண்ணன்மாரோடு உட்கார்ந்து கற்ற விசில். தமயந்திக்கு இது வராது. நாத்தனாரிடம் விசாரித்தாயிற்று.

நாக்கை மடித்து, இரண்டு விரலை வைத்து ஊத வேண்டும். அவருக்கு வெறும் காற்றுதான் வந்தது. எச்சில் தெறித்தது. போதும் என்று கெஞ்சினார். அவள் விடவில்லை.

ஒருவழியாகச் சத்தம் வந்தது. தெருவில் நாய் குரைத்தது. அவர் குழந்தைபோல் மறுபடி மறுபடி அடித்தார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி இது போகாது. தானே போய்ச்சேர்ந்தாலும் இவரிடம் இருக்கும். என்றைக்காவது ஒருத்தி வருவாள். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பாள்.

கேட்கட்டும்.

அவளுக்கும் எரியட்டும்.