கழிப்பறைப் பக்கத்துச் சுவர்

“கடைசிச் செவுரு… தெரசாக்காவுக்குங்க!”

பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்த சீட்டைப் படித்துவிட்டு, வெங்கடேஷ் அதை அவசரமாக டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடினான்.

தொடர்ந்து நாலாவது வருஷம்.

ஏற்காட்டில் கோடை விழா வந்தால், சேர்வராயன் ஓவியர் குழுவின் கண்காட்சியும் வந்துவிடும். இருபத்தேழு வருஷமாக அதே ஏரிக்கரை ஹால், அதே ஏழு பேர். மற்ற சுவர்களைப் பேசிப் பிரித்துக்கொள்வார்கள். கடைசிச் சுவருக்கு மட்டும் குலுக்கல். ஆளுக்கொரு சீட்டில் அவரவர் பெயரை எழுதி டப்பாவில் போட வேண்டும்.

காரணம், அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவரை ஒட்டிக் கட்டிய கழிப்பறை. உண்மையைச் சொன்னால், படம் பார்க்க வருகிறவர்களைவிட அதற்கு வருகிற கூட்டம்தான் அதிகம்.

“ஏம்ப்பா வெங்கடேஷு, எம்பேரு மட்டும் டப்பாவுல மேலயே மெதக்குதா?” என்றாள் தெரசம்மாள்.

“குலுக்கல்தானுங்களே அக்கா…”

குழுவில் இன்னொருத்தியான கலா ஓடி வந்தாள். “படத்தை நான் மாட்டித் தரட்டுங்களா அக்கா?”

“எனக்குக் கை இருக்குது.”

தெரசம்மாளுக்கு அறுபத்தாறு வயது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த கணவர் இறந்து அஞ்சு வருஷமாகிறது. அந்த ஒரு வருஷம் மட்டும்தான் அவள் கண்காட்சிக்கு வரவில்லை. மகன் வெளிநாட்டில். நாகலூர் வீட்டில் அவளும் வர்ண டப்பாக்களும்தான். காலையில் பால்காரர் வருவார். அவரும் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இந்த எட்டு நாளுக்காகத்தான் வருஷம் பூராவும் காத்திருப்பாள். நம்ம ஆள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிச்சம் இருப்பது இந்த ஆறு பேர்தான். அவர்களுக்கும் வேண்டாதவளாகிவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே படத்தை மாட்டினாள்.

மறுநாளே கழிப்பறை வரிசை ஆரம்பித்துவிட்டது.

“ஏனுங்க, இது மல்லிப் பூவுங்களா?” இடுப்பில் குழந்தையோடு வரிசையில் நின்ற ஒரு பெண் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

“காப்பிப் பூங்க. மழை பேஞ்ச எட்டாம் நாளு தோட்டமே இப்படி வெளுத்துப் போயிரும்.”

“மல்லியாட்டவே இருக்குதுங்க! வாசம் அடிக்குங்களா?”

வாசத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆள், படத்திலிருந்த வீட்டைக் காட்டி. “இந்த ஊடு எங்கீங்க இருக்குது?” அதற்கு அடுத்து ஒரு பெரியவர், மிளகுக் கொடியை எப்போது வெட்டிக் கவாத்து பண்ணுவீர்கள் என்று விசாரித்தார். கவாத்து பண்ணுவது கொடியை அல்ல, கொடி ஏறுகிற மரத்தை என்று அவருக்குப் புரிய வைக்க நாலு பேர் உள்ளே போய்விட்டு வந்தார்கள்.

பதில் சொல்லிச் சொல்லி நாலாம் நாளே தொண்டை கட்டிவிட்டது. கலா ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டு வந்து வைத்தாள். தெரசம்மாள் அதைத் தொடவில்லை. ‘என் படத்துக்காகவா வர்றாங்க? வேற எதுக்கோ வர்றாங்க’ என்று அவளுக்கு ஆறவே இல்லை.

ஹாலின் நடுவில், நல்ல சுவர்களுக்குச் சொந்தக்காரர்கள் நிம்மதியாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டாம் நாள் சாயங்காலம். படங்களைக் கழற்றும்போது ஆணி போட ஒரு டப்பா தேடினாள். மேஜைக்கு அடியில் பிஸ்கட் டப்பா. திறந்தால் உள்ளே சீட்டுகள்.

ஒன்றைப் பிரித்தாள். தெரசம்மாள். இன்னொன்று. தெரசம்மாள். ஏழிலும் அதே பெயர்.

ஒன்றுதான் அவள் எழுதியது. மற்ற ஆறும் ஆறு கையெழுத்து. போர்டு எழுதுகிற மரியஜோசப்பின் கொம்பு வைத்த எழுத்து, ஸ்கூல் டீச்சரான கலாவின் குண்டு எழுத்து, வெங்கடேஷின் சாய்ந்த எழுத்து. இருபத்தேழு வருஷப் பழக்கம், யாருடையது என்று தெரியாதா?

ஒருவர் விடாமல் எல்லோருமா?

டப்பாவைக் கொண்டுபோய் மேஜைமேல் கவிழ்த்தாள். ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, நான் வேண்டாம்னா நேராவே சொல்லியிருக்கலாமுங்களே?” வாப்பா போப்பா என்று பேசியவள் திடீரென்று மரியாதைக்கு மாறியிருந்தாள். “அடுத்த வருசத்துல இருந்து நான் வரலீங்க. நீங்க ஆறு பேரும் சந்தோசமா…”

மேலே குரல் வரவில்லை. தொண்டை அவ்வளவு கட்டியிருந்தது.

வெங்கடேஷ் சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். வாயைத் திறந்தது மரியஜோசப்தான்.

“கக்கூசு கட்டுன மொத வருசம் அந்தச் செவுரு எனக்குத்தானுங்க விழுந்துச்சு. நீங்க வரல பாருங்க, அந்த வருசம். நானும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் போய் நின்னேன். ஆனா மத்த செவுத்துல அரை நிமிசம் நிக்காத சனம், அங்க வரிசையில கால் மணி நேரம் நிக்குதுங்க. சும்மா நிக்குமுங்களா? அது என்ன, இது என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்குது. எட்டு நாளும் எனக்கு வாய் ஓயல. அடுத்த வருசம் அந்தச் செவுரு எனக்கு, உனக்குன்னு எங்க ஆறு பேருக்குள்ள நொம்பச் சண்டைங்க.”

“அப்பறம் எதுக்கு எனக்கு…?”

கலா ஒரு டம்ளர் வெந்நீரை அவள் கையில் வைத்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு எங்க சண்டைய நீங்க தீத்து வெப்பீங்கன்னு உங்களுக்குப் போன் பண்ணுனேனுங்க அக்கா. எடுத்ததும் என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்குதுங்களா? ‘வாயத் தொறந்து பேசி மூணு நாளாச்சு கலா, அதான் தொண்டையே வர மாட்டேங்குது’ன்னீங்க.”