மத்தியானக் காய்ச்சல்

வண்டியின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டியதை மாப்பிள்ளை கவனிக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த மச்சான் கவனித்துவிட்டான்.

ரயில் நிலையத்துக்கு இன்னும் இருபது நிமிஷம். ரயில் கிளம்ப முப்பத்தைந்து.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு மச்சான் வேறு ஊரில் புது வேலையில் சேர வேண்டும். எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு, செருப்புத் தேய அலைந்து கிடைத்த வேலை. வழியனுப்பத் தங்கையும் அவள் கணவரும் காரோடு வந்திருந்தார்கள்.

"வந்து ஒரு மாசம் ஆச்சு மச்சான், ஒரு தொந்தரவு இல்ல. தங்கமான வண்டி" என்று மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

அவருக்கு வண்டி ஓட்டுவது என்றால் முன்னால் சாலை, மேலே கண்ணாடி, அவ்வளவுதான். முள் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்த ஒரு மாதமும் வீட்டுக்கும் ஆபீசுக்கும் பத்துப் பத்து நிமிஷம் ஓட்டியதோடு சரி. இன்றைக்குத்தான் முதல் நீண்ட ஓட்டம்.

முன்பக்கத்திலிருந்து மெலிதாக ஒரு கீச்சுச் சத்தம். கூடவே சர்க்கரை கருகினாற்போல ஒரு வாடை.

வாட்டர் பம்ப்.

இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை ஓடவிடுகிற அந்தச் சின்ன உறுப்பு மூச்சு வாங்குகிறது. இன்னும் ஐந்து நிமிஷம் இப்படியே போனால் பானட்டிலிருந்து ஆவி கிளம்பும். வண்டி நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். ரயில் தன்பாட்டுக்குப் போய்விடும்.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. பழைய வண்டி வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட வேண்டும். இன்ஜினின் சூடு காருக்குள் வந்துவிடும். மனிதர்கள் வேகுவார்கள், வண்டி பிழைத்துக்கொள்ளும்.

சொல்லிவிடலாம். வாய்வரைக்கும் வந்தது.

கண்ணாடியில் தங்கை தெரிந்தாள். தன் வீட்டுக்கு வந்த முதல் காரின் பின்சீட்டில், ஊரையே வாங்கிவிட்டவள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

முள் இன்னொரு கோடு ஏறியது.

"மாப்பிள்ளை, ஏசிய அணைச்சிட்டு ஹீட்டர் போடுங்களேன். எனக்கு ஒரு மாதிரி குளிருது."

மாப்பிள்ளை சாலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. அவன் பல்லைக் கிட்டிக் காட்டினான்.

பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு அவன் நெற்றியைத் தொட்டது. பயத்தில் ஏற்கனவே வேர்த்துக் கொதித்துக்கொண்டிருந்த நெற்றி.

"ஐயோ, குளிர் காய்ச்சல்ங்க! சீக்கிரம் போடுங்க."

அடுப்பின் வாயைத் திறந்தாற்போலக் குபீரென்று அனல் வந்து முகத்தில் அடித்தது. முள் நின்றது. யோசித்தது. பிறகு மனசில்லாமல் ஒரு மயிரிழை இறங்கியது.

அவன் மெதுவாக ஜன்னலை இறக்கப் பார்த்தான். காற்று படக்கூடாது என்று தங்கை ஏற்றச் சொல்லிவிட்டாள். அதோடு விடவில்லை. ஏசிக் குளிருக்கென்று கொண்டுவந்திருந்த தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவன் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, காதையும் மூடிவிட்டாள்.

மாப்பிள்ளையின் மூக்கு நுனியிலிருந்து ஸ்டியரிங்கில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நல்ல மனிதர். சிக்னலில் நின்றபோது மட்டும், யாரும் பார்க்காத மாதிரி ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்தார்.

முள் துள்ளி ஏறியது.

உடனே மச்சானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையும் காலும் உதறின. மாப்பிள்ளை பதறிப்போய் ஹீட்டரைப் பழையபடி முழுசாகத் திருகினார். முள் இறங்கியது, உதறலும் நின்றது.

"இந்த உடம்போட என்ன ரயிலு? வண்டிய ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க" என்றாள் தங்கை.

அதிலிருந்துதான் அவன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாத அளவுக்குத் தேறவும் வேண்டும், ஹீட்டரை அணைக்காத அளவுக்கு நடுங்கவும் வேண்டும். ஒரு மூச்சுக்கு "பரவாயில்லம்மா" என்றான். அடுத்த மூச்சுக்குப் பல்லைக் கடகடவென்று அடித்தான். பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, மூடிய காருக்குள் சால்வை கட்டிய ஆளையும் வேர்வையில் குளித்த ஆளையும் மாறிமாறிப் பார்த்தார்.

ரயில் நிலையத்து வாசலில் வண்டி நின்றபோது முள் பாதிக்குக் கீழே இருந்தது. கிளம்ப எட்டு நிமிஷம்.

மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு குழாயைப் பார்த்து ஓடினார். தலையை நீட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டவர், அப்படியே நின்றுவிட்டார்.

தங்கைதான் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம்வரைக்கும் வந்தாள். பெட்டியில் ஏற்றி, இடம் பார்த்து உட்காரவைத்து, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். அவன் சால்வையை அவிழ்த்து நீட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காற்று வாங்குகிறவன் மாதிரி மூச்சு விட்டான்.

ரயில் ஊதியது.

அவள் ஜன்னல் கம்பிக்குள் கையை நுழைத்து அவன் நெற்றியை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று தெரியவில்லை.

"சரியாப் போச்சு" என்றாள். "அண்ணே, போன மாசம் இந்த வண்டிய எங்ககிட்ட விக்கறதுக்கு ஓட்டிக் காட்டினியே, அன்னைக்கும் உனக்கு இதே காய்ச்சல்தான் வந்துச்சு."